ஷெர்லாக் ஹோம்ஸின் தொப்பி ரயிலைவிட்டு எப்போது இறங்கியது? நிலைத்துப்போன கற்பனைப் பாத்திரத்தை ஆராயும் முறை

ஒரு கற்பனைப் பாத்திரம் நூறாண்டு தாண்டியும் மக்கள் நினைவில் நிற்கிறது என்றால், அதை ஆராய வருகிறவர்கள் பலரும் "இது ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். இந்தக் கேள்வியை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. என்ன விடை சொன்னாலும் பொருந்தும். எந்த விடையையும் தவறென்று நிரூபிக்க வழியில்லை. "மனிதனுக்கு நீதி மேல் உள்ள ஆசை" என்று ஒருவர் எழுதுவார், "நகர வாழ்க்கையின் பயம்" என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டையும் படித்து முடித்தபின் பாத்திரத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

பாத்திரத்தின் ஓர் அடையாளத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அது எப்போது, யார் கையால், எந்த ஊடகத்தில் வந்து ஒட்டியது என்று தேதி போட்டுப் பார்ப்பதுதான் பலன் தரும் வழி. மக்கள் மனத்தில் இருக்கும் உருவம் ஒருவர் எழுதியதன்று. எழுத்தாளர், ஓவியர், நாடக நடிகர், சினிமாக்காரர், விளம்பரக்காரர், ரசிகர் என்று ஆளுக்கொரு பூச்சாகப் பூசி வந்தது. அந்தப் பூச்சுகளைப் பிரித்துக் காட்டினால்தான் அது ஆய்வு.

ஷெர்லாக் ஹோம்ஸை வைத்தே முறையை விளக்குகிறோம். மூலக்கதைகளுக்கு எல்லை இருக்கிறது, பெரும்பாலான சான்றுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆளைப் பார்த்ததும் எவருக்கும் தெரிகிறது. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடைப்பது அரிது.

கேள்வியைச் சுருக்குவது

ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வருபவற்றை முதலில் எழுதுங்கள்: முன்னும் பின்னும் விளிம்பு வைத்து, காதுமடல் மேலே கட்டிய டீர்ஸ்டாக்கர் தொப்பி, வளைந்த பெரிய புகைக்குழாய், பூதக்கண்ணாடி, தோழர் வாட்சனிடம் சொல்லும் "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்" ("இது மிக எளிது, அன்பு வாட்சன்") என்ற வசனம், 221பி, பேக்கர் தெரு என்ற வீட்டு முகவரி. இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டை எடுத்தால் வேலை இரண்டு மடங்கோடு நிற்காது. ஒவ்வொன்றும் வேறு ஊடகத்தின் வழியாக வந்திருப்பதால் வேறு வேறு ஆவணங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தொப்பியை எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். "ஹோம்ஸ் ஏன் டீர்ஸ்டாக்கர் அணிகிறார்?" என்பதும் இன்னும் அகலமான கேள்விதான். டீர்ஸ்டாக்கர் கிராமப்புறத்தில், வேட்டையின்போதும் பயணத்தின்போதும் அணிவது. விக்டோரியா காலத்து லண்டன் தெருவில் கண்ணியமான ஒருவர் அதை அணிந்து நடக்க மாட்டார். அங்கே உயர்ந்த பட்டுத்தொப்பிதான். இது தெரிந்ததும் கேள்வி தானே கூர்மையாகிறது: பயணத்துக்கு உரிய தொப்பி ரயில் பெட்டியைவிட்டு இறங்கி, லண்டன் தெருவில் ஹோம்ஸின் தலையில் எப்போது நிரந்தரமாக உட்கார்ந்தது? இதற்குத் தேதி போட்டு விடை சொல்ல முடியும். சொன்ன விடையைப் பிறர் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

மூலக்கதைகளைப் படிப்பது

ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60: நான்கு நாவல், 56 சிறுகதை. முதல் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887 இறுதியில் பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆண்டுமலரில் வந்தது. உரிமை முழுவதையும் 25 பவுண்டுக்கு அவர் விற்றுவிட்டார். சிறுகதைகள் 1891 ஜூலை முதல் ஸ்ட்ராண்ட் இதழில் தொடங்கின. கடைசிக் கதை 1927. மொத்தம் ஏறத்தாழ ஆறரை லட்சம் ஆங்கிலச் சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு 54 மணி நேரம் ஆகும். நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். இந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு "மூலத்தில் இல்லை" என்று எழுதும் ஆய்வுகள் இங்கேதான் சறுக்குகின்றன.

டீர்ஸ்டாக்கர் என்ற சொல்லைத் தேடினால் 60 கதைகளிலும் கிடைக்காது. அதோடு விட்டுவிட்டால் தொப்பி முழுக்க ஓவியரின் கற்பனை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். கதையைப் படித்தவருக்கு இரண்டு இடம் கண்ணில் படும். 1891 அக்டோபரில் வந்த 'தி பாஸ்கோம் வேலி மிஸ்டரி' கதையில் பேடிங்டன் ரயில் நிலையத்தில் ஹோம்ஸ் நீண்ட சாம்பல் நிறப் பயண அங்கியும் தலையை ஒட்டிய துணித்தொப்பியும் அணிந்து நிற்கிறார். 1892 டிசம்பரில் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில் காதுமடல் வைத்த பயணத்தொப்பி என்றே டாயில் எழுதுகிறார். இரண்டும் லண்டனைவிட்டு வெளியூர் போகும் ரயில் பயணம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக, பொருள் மூலத்தில் இருக்கிறது. இன்றைய பெயர் இல்லை. எந்தப் பாத்திரத்துக்கும் இது பொருந்தும்: பொருளின் இன்றைய பெயரை மட்டும் தேடாமல், அன்றைக்கு அதை எப்படியெல்லாம் வருணித்திருக்கலாம் என்று பட்டியல் போட்டுத் தேடுங்கள். தலையில் அணிவதைக் குறிக்கும் எல்லாச் சொற்களையும் தேட வேண்டும்.

பதிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். 1893 ஜனவரியில் ஸ்ட்ராண்டில் வந்த 'தி கார்ட்போர்ட் பாக்ஸ்' கதை, அந்த வரிசை பிரிட்டனில் புத்தகமானபோது சேர்க்கப்படவில்லை. ஆனால் அதன் தொடக்கத்தில் ஹோம்ஸ் வாட்சனின் எண்ண ஓட்டத்தைப் படித்துக் காட்டும் பகுதியை மட்டும் எடுத்து 'தி ரெசிடென்ட் பேஷன்ட்' கதைக்குள் வைத்துவிட்டார்கள். பின்னால் 1917 தொகுப்பில் அந்தக் கதை திரும்பி வந்தது. அதனால் சில முழுத்தொகுப்புகளில் ஒரே பகுதி இரண்டு கதையில் இருக்கும். சொற்களை எண்ணி ஆய்வு செய்பவர் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே காட்சியை இரண்டு முறை எண்ணிவிடுவார். எந்தப் பதிப்பை வைத்து எண்ணினீர்கள் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுங்கள்.

படங்களுக்குப் போவது

இந்தப் பாத்திரத்தைப் பொறுத்தவரை எழுத்தைவிடப் படமே அதிகம் வேலை செய்திருக்கிறது என்பது எங்கள் கருத்து. அதனால் இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள்.

ஸ்ட்ராண்ட் இதழ் ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டது. 1891 ஜனவரி முதல் ஜூன் வரை முதல் தொகுதி. ஜூலை முதல் டிசம்பர் வரை இரண்டாம் தொகுதி. இந்தக் கணக்கு தெரிந்தால் எந்தக் கதையும் எந்தத் தொகுதியில் இருக்கும் என்று நொடியில் சொல்லிவிடலாம்: பாஸ்கோம் கதை இரண்டாம் தொகுதி, சில்வர் பிளேஸ் நான்காம் தொகுதி, ஹோம்ஸ் அருவியில் விழுந்த 'தி ஃபைனல் ப்ராப்ளம்' 1893 டிசம்பர் என்பதால் ஆறாம் தொகுதி. ஸ்கேன் செய்த தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ளன. படங்களைத் தனியே திரட்டி வைத்திருக்கும் ரசிகர் தளங்களைவிட முழுப் பக்கத்தின் ஸ்கேனே மேல். படம் எந்தப் பத்திக்குப் பக்கத்தில் அச்சானது, அடியில் என்ன வரி போட்டார்கள், எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

ஸ்ட்ராண்டுக்குப் படம் வரைந்தவர் சிட்னி பேஜெட். 1908இல் அவர் இறக்கும் முன் வெளிவந்த ஹோம்ஸ் படங்கள் 350க்கு மேல். பாஸ்கோம் கதைக்கு அவர் வரைந்த ரயில் பெட்டிக் காட்சியில்தான், டாயில் வெறுமனே துணித்தொப்பி என்று எழுதியது டீர்ஸ்டாக்கராக மாறுகிறது. ஆனால் அதே பேஜெட், லண்டன் தெருக் காட்சிகளில் ஹோம்ஸுக்குப் பட்டுத்தொப்பியும் நீண்ட கோட்டும்தான் போடுகிறார். நாகரிக விதி தெரிந்த ஓவியர் அவர். "டீர்ஸ்டாக்கரைக் கொடுத்தவர் பேஜெட்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. அவர் கொடுத்தது பயணத்துக்கு மட்டும். தெருவுக்குக் கொடுத்தவர் வேறு.

பேஜெட்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்ப்பதும் அவசியம். 1887இல் முதன்முதலாக ஹோம்ஸை வரைந்தவர் டி. எச். ஃபிரிஸ்டன். மறு ஆண்டு வந்த புத்தகப் பதிப்புக்கு டாயிலின் தந்தை சார்ல்ஸ் டாயிலே படம் வரைந்தார். அதில் ஹோம்ஸுக்குத் தாடி இருக்கிறது. அந்தத் தாடி நிலைக்கவில்லை, தொப்பி நிலைத்தது. ஒட்டாமல் உதிர்ந்துபோன அடையாளங்களையும் பதிவு செய்தால்தான், ஒட்டியது ஏன் ஒட்டியது என்று பேச உங்களுக்கு உரிமை வரும்.

குறிப்பு அட்டவணை

எக்ஸெல் போன்ற ஒரு விரிதாள் போதும். ஒரு படத்துக்கோ ஒரு காட்சிக்கோ ஒரு வரிசை. நெடுவரிசைகளில் வெளிவந்த மாதமும் ஆண்டும், நாடு, ஊடகம், உருவாக்கியவர், காட்சி நடக்கும் இடம், தலையில் என்ன, கதையின் எழுத்து என்ன சொல்கிறது, நீங்கள் நேரில் பார்த்த சான்றா பிறர் சொல்லிக் கேட்டதா என்பவை இருக்க வேண்டும். எழுத்து சொல்வதையும் படம் காட்டுவதையும் ஒரே கட்டத்தில் போடவே கூடாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் ஆய்வுப்பொருள்; ஒரே கட்டத்தில் போட்டால் அது காணாமல் போகும்.

"இடம்" என்பதற்கு முன்கூட்டியே வகை வகுத்துவிடுங்கள்: ரயில் அல்லது நிலையம், கிராமப்புறம், லண்டன் தெரு, வீட்டுக்குள், மற்றவை. "தலை" என்பதற்கும் அப்படியே: வெறுந்தலை, பட்டுத்தொப்பி, சாதாரணத் துணித்தொப்பி, காதுமடல் தொப்பி, மாறுவேடம், தெளிவில்லை. மாறுவேடத்தைத் தனியாக வைக்காவிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஹோம்ஸ் கிழவராகவும் பாதிரியாராகவும் குதிரைக்காரராகவும் வேடம் போடுகிறவர்.

பிறகு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் விதிப்படி தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இருவர் குறிப்பும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்ப்பது போதாது. 100 படத்தில் 90இல் தொப்பி இல்லை என்று வையுங்கள். இருவருமே படத்தைப் பார்க்காமல் கண்மூடித்தனமாக 90க்கு "இல்லை", 10க்கு "உண்டு" என்று போட்டால்கூட, தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போகும் (0.9 × 0.9 + 0.1 × 0.1). இந்தத் தற்செயலைக் கழித்துக் காட்டும் கோஹனின் கப்பா அளவைப் பயன்படுத்துங்கள். 0.8க்கு மேல் வந்தால் நல்லது. 0.6க்குக் கீழே வந்தால் உங்கள் வகைப்பாட்டு விதிகள்தான் குழப்பமாக இருக்கின்றன. உதவ வந்தவரைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்தி மறுபடி குறியுங்கள். பெரும்பாலும் கோளாறு துணித்தொப்பிக்கும் காதுமடல் தொப்பிக்கும் நடுவில் இருக்கும். மடல் மேலே கட்டப்பட்டிருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது மட்டுமே தெரியும் என்பதால், "பின்விளிம்பு தெரிந்தால் மட்டும் டீர்ஸ்டாக்கர்" என்பதுபோல் கண்ணால் சரிபார்க்கக்கூடிய விதி வேண்டும்.

மேடையும் திரையும்

தொப்பி ரயிலைவிட்டு இறங்கிய கதையில் அமெரிக்காவுக்குப் பெரும்பங்கு உண்டு. நடிகர் வில்லியம் ஜில்லெட் 1899இல் ஹோம்ஸை மேடையேற்றினார். 1930களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 1,300 முறை அந்த வேடத்தில் நடித்தார். பாத்திரத்தைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள டாயிலே அனுமதி கொடுத்திருந்தார். ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று ஜில்லெட் தந்தியில் கேட்டபோது, கல்யாணம் செய்தாலும் கொன்றாலும் உங்கள் இஷ்டம் என்ற பொருளில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பியபோது, அமெரிக்காவின் காலியர்ஸ் இதழுக்குப் படம் வரைந்த ஃபிரெடரிக் டார் ஸ்டீல் ஜில்லெட்டின் முகத்தையே ஹோம்ஸுக்கு வைத்தார். இதழின் வண்ண அட்டையில் ஒரே படத்தில் ஆள் யாரென்று சொல்லியாக வேண்டும். அங்கே நாகரிக விதியைவிட அடையாளம் முக்கியம். பேஜெட்டையும் ஸ்டீலையும் உங்கள் அட்டவணையில் அருகருகே வைத்து "லண்டன் தெரு" வகையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அந்த ஒப்பீடு ஆய்வேட்டின் நடு அத்தியாயத்துக்குப் போதும்.

திரையில் முதல் ஹோம்ஸ் 1900இல் எடுத்த அரை நிமிடத் துண்டு. 1921 முதல் 1923 வரை எய்ல் நார்வுட் நடித்து 45 குறும்படமும் இரண்டு முழுப்படமும் வந்தன. 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் 14 படங்களில் நடித்தார். அவற்றில் முதல் இரண்டு மட்டும் விக்டோரியா காலத்தில் நடக்கின்றன. மற்ற 12 படங்களும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டிய நிகழ்காலத்தில். அந்த மாற்றம் நடந்த முதல் படத்தில், 1942இல், ஹோம்ஸ் பழக்கதோஷத்தில் டீர்ஸ்டாக்கரை எடுக்கப் போகிறார். வாட்சன் தடுத்து, வாக்குக் கொடுத்ததை நினைவுபடுத்துகிறார். தொப்பியை வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டுப் பார்வையாளருக்கு அதைச் சொல்லியும் காட்டுகிறார்கள் என்றால், அதற்குள் தொப்பி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிபிசியின் இன்றைய காலத்து ஹோம்ஸ் தொடரிலும் 2012இல் அதே விளையாட்டு வருகிறது: பத்திரிகையாளர் கேமராவிலிருந்து முகத்தை மறைக்கக் கைக்குக் கிடைத்த டீர்ஸ்டாக்கரைப் போட, அந்தப் படமே பரவிவிடுகிறது. ஓர் அடையாளத்தை வைத்து வேடிக்கை செய்யும் இடங்களைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள். எல்லாருக்கும் தெரிந்ததை வைத்துத்தான் வேடிக்கை செய்ய முடியும். அதனால் அது பரவலுக்கு நல்ல அளவுகோல்.

இதே காரணத்தால் கேலிக்கதைகளைத் தேடிப் பிடியுங்கள். 1892 மே மாதமே ராபர்ட் பார் 'ஷெர்லா கோம்ப்ஸ்' என்ற பாத்திரத்தை வைத்து ஐட்லர் இதழில் கேலி எழுதிவிட்டார். பிரான்சில் மாரிஸ் லெப்லாங்க் தன் கள்ளன் ஆர்சேன் லூப்பனோடு ஹோம்ஸை 1906இல் மோதவிட்டு, டாயில் தரப்பு ஆட்சேபித்ததும் பெயரை 'ஹெர்லாக் ஷோல்மெஸ்' என்று மாற்றினார். சரியான பெயரை மட்டும் தேடினால் இவை எதுவும் வலையில் விழாது. பெயரைக் குளறுபடி செய்த வடிவங்களையும் பட்டியலிட்டுத் தேடுங்கள்.

எங்கே தவறு நேர்கிறது

முதல் ஆபத்து, விளையாட்டை ஆய்வென்று நம்பிவிடுவது. ஹோம்ஸ் ரசிகர்களிடம் ஒரு பழைய மரபு உண்டு: ஹோம்ஸும் வாட்சனும் உண்மையில் வாழ்ந்தவர்கள், டாயில் வெறும் இலக்கிய முகவர் என்று பாவித்துக்கொண்டு, கதைகளில் உள்ள முரண்களுக்கு விளக்கம் எழுதுவார்கள். ரொனால்ட் நாக்ஸ் 1911இல் படித்த கட்டுரை இதற்கு வழிகாட்டியது. 1934இல் நியூயார்க்கில் தொடங்கிய பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ் அமைப்பும் 1946 முதல் அவர்கள் நடத்தும் இதழும் இதை வளர்த்தன. வாட்சனுக்கு ஆப்கன் போரில் குண்டு பட்டது முதல் நாவலில் தோளில், இரண்டாம் நாவலில் காலில். ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். இவற்றுக்கு அடிக்குறிப்போடு மிகத் தீவிரமான மொழியில் விளக்கம் எழுதுவார்கள். அறிவும் உழைப்பும் நிறைந்த எழுத்து அது. மரியாதையோடு படிக்க வேண்டியதும்கூட. ஆனால் புதியவர்கள் அதில் உள்ள "1887 ஏப்ரலில் ஹோம்ஸ் என்ன செய்தார்" என்பதைத் தகவலாக எடுத்து மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். அந்த எழுத்தை ரசிகர் பண்பாட்டுக்குச் சான்றாக மட்டும் பயன்படுத்துங்கள். அதே எழுத்தாளர்களின் பதிப்பு விவரக் குறிப்புகள் பெரும்பாலும் நம்பகமானவை. எது விளையாட்டு, எது விவரம் என்று பிரிக்கப் பழகுவதற்குச் சில வாரம் பிடிக்கும்.

இரண்டாவது, எல்லாரும் சொல்லும் கதையைச் சரிபார்க்காமல் எழுதுவது. 1893இல் ஹோம்ஸ் இறந்ததும் லண்டன் இளைஞர்கள் கறுப்புத் துணி கட்டித் துக்கம் காத்தார்கள் என்பது பிரபலமான செய்தி. ஜான் டிக்சன் கார் 1949இல் எழுதிய டாயில் வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. 1893 டிசம்பர் நாளிதழ்களைப் புரட்டியவர்களுக்கு அகப்படவில்லை. இப்படிப்பட்ட செய்திக்கு விதி ஒன்றுதான்: நடந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கும், அது முதலில் அச்சான ஆண்டுக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். இடைவெளி ஐம்பது ஆண்டு என்றால் அது 1893க்குச் சான்றாகாது. 1949இல் மக்கள் ஹோம்ஸை எப்படி நினைக்க விரும்பினார்கள் என்பதற்குச் சான்றாகும். அதுவும் உங்கள் ஆய்வுக்கு வேண்டியதுதான்.

மூன்றாவது, முதல் தோற்றத்தையும் பரவலையும் குழப்புவது. "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்" அந்த வடிவில் 60 கதைகளில் எங்கும் இல்லை. 1893 ஜூலையில் வந்த 'தி குரூக்ட் மேன்' கதையில் "மை டியர் வாட்சன்" ஓரிடத்திலும் "எலிமெண்டரி" சில வரி தள்ளியும் வருகின்றன. முழு வடிவத்தை யார் முதலில் அச்சிட்டார் என்று தேடுவது சுவையான வேலைதான், ஆனால் அதில் மூழ்கிவிடாதீர்கள். நாளிதழ்கள் மேலும் மேலும் ஸ்கேன் ஆகிக்கொண்டிருப்பதால் இன்றைய "முதல்" நாளை மாறிவிடும். எந்தப் பத்தாண்டில் அது விளக்கம் தேவைப்படாத வசனமாயிற்று என்பதே உறுதியான கேள்வி. சுரைக்குடுவையில் செய்த வளைந்த காலபாஷ் புகைக்குழாயிலும் இதே சிக்கல். கதைகளில் களிமண் குழாய், பிரையர் மரக்குழாய், செர்ரி மரக்குழாய் உண்டு, காலபாஷ் இல்லை. ஜில்லெட் கொண்டுவந்தார் என்பார்கள். அவருடைய புகைப்படங்களில் இருப்பது வளைந்த பிரையர். வளைவு அவருடையது, காலபாஷ் பிந்தியது. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும் இதை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதித் தவறாகவே பரப்பிவிட்டார்கள்.

தொழில்நுட்பக் கோளாறுகளும் உண்டு. ஸ்கேன் பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள், வரி இறுதியில் உடைந்த சொல்லை இரண்டாக்கிவிடும். டீர்ஸ்டாக்கரை ஒரே சொல்லாகவும், இரண்டு சொல்லாகவும், நடுவில் கோடிட்டும், வெறும் "ஸ்டாக்கர்" என்றும் நான்கு வகையில் தேடுங்கள். தேடலில் ஒன்றும் வராத ஆண்டுகளில் சில இதழ்களையாவது பக்கம் பக்கமாகக் கையால் புரட்டிப் பாருங்கள்; எத்தனை விடுபடுகிறது என்ற மதிப்பீடு அப்போதுதான் கிடைக்கும்.

தொலைந்த படங்கள் இன்னொரு பள்ளம். ஜில்லெட் நடித்த 1916 சினிமா அழிந்துவிட்டது என்றே நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2014இல் பாரிஸில் சினிமாதெக் பிரான்சேஸ் சேகரிப்பில் அகப்பட்டது. அதற்கு முன் "மௌனப்படக் காலத்தில் தொப்பி இப்படித்தான் இருந்தது" என்று உறுதியாக எழுதியவர்கள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எஞ்சியிருப்பவற்றை வைத்துப் பேசும்போது "கிடைத்தவற்றில்" என்ற சொல்லைச் சேர்க்கத் தயங்காதீர்கள்.

எண்ணிக்கைகளிலும் எச்சரிக்கை வேண்டும். 2012இல் கின்னஸ், ஹோம்ஸ் 254 முறை திரையில் வந்ததாக அறிவித்தது. அந்த எண்ணை அப்படியே எழுதுவதால் பயனில்லை. கேலிப்படம் கணக்கில் உண்டா, கார்ட்டூன் உண்டா, தொடரின் ஒவ்வொரு பகுதியும் தனியா என்று உங்கள் வரையறையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு எண்ணுங்கள்.

சட்டத்தையும் படியுங்கள்

இந்தப் பகுதியைப் பண்பாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 1923க்கு முன் வெளிவந்த 50 கதைகள் பொதுவுடைமை (யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடியவை) ஆனபின்னும், கடைசிப் பத்துக் கதைகளுக்கு உரிமை நீடித்தது. அதை வைத்து முழுப் பாத்திரத்துக்கும் உரிமை கேட்ட டாயில் எஸ்டேட்டின் (அவருடைய எழுத்துரிமையை நிர்வகிக்கும் அமைப்பு) வாதத்தை 2014இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020இல் ஹோம்ஸின் தங்கையைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் படத்தின் மேல் எஸ்டேட் வழக்குப் போட்டபோது, ஹோம்ஸ் பிறரிடம் பரிவும் பாசமும் காட்டுவது பிற்காலக் கதைகளில்தான், ஆகவே அந்தக் குணம் தங்களுடையது என்று வாதிட்டது. ஒரு பாத்திரத்தின் குணத்தை ஆண்டுவாரியாகப் பிரித்து உரிமை கோரிய ஆவணம் அது. நாம் செய்யும் அதே வேலையை வழக்கறிஞர்கள் செய்திருக்கிறார்கள். வழக்கு அந்த ஆண்டு டிசம்பரிலேயே கைவிடப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலும் எல்லாக் கதைகளும் பொதுவுடைமை. ஒரு தழுவலில் ஏன் ஒரு குணம் இல்லை, ஏன் பெயர் மாறியிருக்கிறது என்று கேட்கும்போது, அழகியல் காரணத்தைத் தேடும் முன் அந்த ஆண்டில் எது யாருக்கு உரிமையாக இருந்தது என்று பார்த்துவிடுங்கள்.

இடங்களுக்கும் இப்படி ஓர் ஆவண வரலாறு உண்டு. டாயில் எழுதிய காலத்தில் பேக்கர் தெருவில் 221 என்ற இலக்கமே இல்லை. பிற்பாடு தெருவுக்கு எண் மாற்றியபோது 1930களில் அந்த எண் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தின் தலைமையகத்துக்குள் போயிற்று. ஹோம்ஸ் பெயருக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத அவர்கள் ஓர் ஆளையே வைத்திருந்தார்கள். 1990இல் திறந்த அருங்காட்சியகம் உண்மையில் 237க்கும் 241க்கும் நடுவில் இருக்கிறது.

தமிழிலும் இதே வேலைக்கு இடம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார்கள். அந்தத் துப்பறிபவர்கள் தலையில் என்ன வைத்திருந்தார்கள், தலைப்பாகையா தொப்பியா என்று அட்டைப் படத்தையும் உள்ளே வரும் வருணனையையும் தனித்தனியே குறித்துப் பாருங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கலாம். தமிழ்வாணனின் துப்பறியும் பாத்திரமான சங்கர்லாலை எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எழுத்தாளர் தமிழ்வாணனின் அடையாளம். வாசகர் நினைவில் எழுத்தாளர் உருவமும் பாத்திர உருவமும் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், அட்டவணையில் இரண்டுக்கும் தனி நெடுவரிசை வையுங்கள்.

சேகரிப்பை எப்போது நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஹோம்ஸ் போன்ற பாத்திரத்துக்குச் சான்று தீரவே தீராது. தொடர்ந்து 30 புதிய வரிசை சேர்த்தும் உங்கள் வகைப்பாட்டில் புதிதாக ஒன்றும் சேரவில்லை என்றால் நிறுத்திவிட்டு எழுத உட்காரலாம். ஒவ்வொரு படக் கோப்புக்கும் ஆண்டு, மாதம், இதழ், பக்கம் என்ற வரிசையில் பெயரிட்டிருந்தால் எழுதும்போது தேட வேண்டியிராது. பேஜெட்டின் படங்களைத் தயக்கமில்லாமல் அச்சிடலாம். தொலைக்காட்சித் தொடர்களின் படத்துக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அந்தக் கடிதத்தை ஆய்வேடு முடிந்தபின் எழுதாமல் முதல் அத்தியாயத்தைத் தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள்.